நாலு ஞாயித்துக்கெழமை வேலை

அந்தக் கூடைய இதுமேல சாய்க்காதம்மா. கொஞ்சம் தள்ளி வெச்சுக்க. கீரைத் தண்ணி பட்டா பெயிண்ட்டு போயிடும். பெயிண்ட்டு ஒண்ணும் ஒசத்தி இல்ல, இருந்தாலும் நான் அடிச்சது.

இன்னா அப்படிப் பாக்கற? சைக்கிள்தான். சக்கரம் சின்னப் புள்ளைங்க சைக்கிளுது, சீட்டு பெரியவங்க சைக்கிளுது. மடக்கு சைக்கிளாம். நடுவுல ஒரு கீல் வெச்சிருப்பான், கதவுக்கு இருக்குமே அந்த மாதிரி. லாக்கைத் தூக்கிட்டு மடக்குனா பாதியாயிடும். கையில தூக்கிக்கினு எந்தப் பெட்டியில வேணா ஏறலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுக்குன்னே வர்ற சைக்கிள் இது.

அப்ப ஏன் மடக்கலன்னுதானே கேக்கற. எல்லாரும் அதான் கேக்கறாங்க. திருநின்றவூர் ஸ்டேஷன்ல மூணு பேர் கேட்டாங்க. இது மடங்காதும்மா. மடங்காத மாதிரி நான்தான் பண்ணேன். அதனாலதான் உன்கூட வெண்டர் பெட்டியில குந்திக்கினு வர்றேன். முப்பத்தேழு வருஷம் இதே லைன்ல அம்பத்தூருக்கு வேலைக்குப் போயிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வெண்டர் பெட்டியில கால் வெச்சது கெடையாது. மீன் தண்ணியும் கீரைச் சேறும் யாரு மிதிப்பாங்க. உன்னச் சொல்லல, நீ ஒண்ணும் நெனச்சுக்காத.

பொண்ணைப் பாக்கவா? நல்லாக் கேட்ட போ. பொண்ணு ஊட்டுக்குத்தான் போறேன், குரோம்பேட்டைக்கு. ஆனா பொண்ணைப் பாக்கப் போகல. சைக்கிள் வேலையாப் போறேன். ரெண்டும் வேற.

வேலைன்னா வேலை தெரிஞ்சவன் செய்யற வேலை. என் பேரு ஏகாம்பரம். அம்பத்தூர் எஸ்டேட்டுல பம்பு செட் கம்பெனியில ஃபேப்ரிகேஷன் ஃபோர்மேன். நான் வெச்ச வெல்டிங் விட்டுப்போச்சுன்னு ஒருத்தன் வந்து சொன்னது கெடையாது. அப்படிப்பட்டவனுக்கு எப்படி மாப்பிள்ளை வாய்ச்சாருன்னு கேளு.

பேரு இளம்பரிதி. பரிதின்னா சூரியனாம். பொண்ணு பாக்க வந்தப்பவே அவங்கப்பா விளக்கம் சொன்னாரு, அவரு வாத்தியாரு. நம்ம சூரியன் வெயில்ல அஞ்சு நிமிஷம் நின்னா தலைவலின்னு உள்ள வந்துடுவாரு. பைக் ஓட்டத் தெரியாது. ஒரு காலேஜ் லைப்ரரியில வேலை. இன்னா வேலைங்க மாப்பிள்ளைன்னு கேட்டேன். புஸ்தகத்துக்கு நம்பர் போடறது மாமான்னாரு. நம்பர் போடறதுக்கு ஒரு படிப்பு, அந்தப் படிப்புக்கு மேல இன்னொரு படிப்பு. சரி, மேகலாவுக்குப் புடிச்சிருக்குதுன்னா. எனக்கு ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்தேன்.

பாரு, மரியாதையாத்தான் சொல்றேன். வந்தாரு, போனாருன்னுதான் சொல்றேன். மாப்பிள்ளையாச்சே.

வைகாசியில கல்யாணம். ஆடி பொறக்கறதுக்கு மொத நாள் போய் பொண்ணக் கூப்பிட்டுக்கினு வந்துட்டேன். முறை. உங்க பக்கமும் உண்டுதானே? ஆடியில சேந்திருந்தா சித்திரை வெயில்ல புள்ள பொறக்கும்னுதானே பெரியவங்க வெச்சாங்க. மாப்பிள்ளைக்கு மொத நாள் விருந்து போட்டு, வேட்டி சட்டை குடுத்து அனுப்பிட்டோம். அத்தோட ஆடி கழிஞ்சுதான் அவரு மாமனார் ஊட்டு வாசப்படிய மிதிக்கணும்.

ஒரு வாரம் ஆகல. ஞாயித்துக்கெழமை காலையில கேட் சத்தம் கேக்குது. போய்ப் பாத்தா மாப்பிள்ளை. தோள்ல ஒரு கோணி. உள்ள இந்த சைக்கிள்.

போன்ல பாத்து வாங்குனாராம், செகண்ட் ஹேண்டு. பட்டாபிராமுல யாரோ ஒருத்தன் அஞ்சாறு வருஷமா மொட்டை மாடியில போட்டு வெச்சிருந்தது. அதைப் போய் பொக்கிஷம் மாதிரி தோள்ல தூக்கிக்கினு வர்றாரு. டயரு ரெண்டும் வெடிச்சுக் கெடக்குது. செயின் துருப் புடிச்சு குச்சியாட்டம் நிக்குது. சீட்டை எலி தின்னுட்டுது. ஒரு பிரேக் இருக்குது, இன்னொண்ணு இருந்த எடம் இருக்குது. பழைய இரும்புக்காரன் எடைக்குக் கூட யோசிப்பான். "எங்க ஊடு மேல் மாடி மாமா, வேலை செய்ய எடம் இல்ல. இங்க வெச்சு ரெடி பண்ணிக்கட்டுமா"ன்னு கேக்கறாரு.

நான் இன்னா பண்றது? மாப்பிள்ளைய வாசல்ல நிக்க வெச்சு, ஆடி, போயிட்டு வாங்கன்னு சொல்ல முடியுமா? வேலைன்னு வந்திருக்காரு. வேலைன்னு வர்றவனை நான் திருப்பி அனுப்புனது கெடையாது. பண்ணிக்கோங்கன்னுட்டேன்.

எதுக்கு மாப்பிள்ளை இதுன்னு கேட்டேன். ஊட்டுலேருந்து ஸ்டேஷனுக்கு மிதிக்கலாம், ரயில்ல மடக்கி வெச்சுக்கலாம், எறங்கி காலேஜுக்கு மிதிக்கலாம், அப்படின்னாரு. அப்புறம் மெதுவா, "இங்கயும் வரலாம் மாமா, ஸ்டேஷன்லேருந்து உங்க ஊடு மூணு கிலோமீட்டர் உள்ள இருக்குதே"ன்னாரு. நான் அதைக் காதுலயே போட்டுக்கல.

சைக்கிளைப் பிரிச்சு, கழுவி, கிரீஸ் போட்டு மாட்டறதுக்கு நம்ம கடைக்காரங்க ஓவராயிலிங்னு சொல்லுவாங்க. அரை நாள் வேலை. நானா இருந்தா டீ குடிக்கிற நேரத்தையும் சேத்து அரை நாள். இவரு அதுக்கு எத்தனை நாள் எடுத்துக்கினாருன்னு நெனைக்கற?

மொத ஞாயிறு கேளு. போர்டிகோவுல பேப்பர் விரிச்சாரு. கையில உறை மாட்டுனாரு, ஆபரேஷன் பண்றாப்புல. ஒவ்வொரு நட்டா கழட்டி, போட்டோ எடுத்து, துண்டுச் சீட்டுல நம்பர் எழுதி, காலி தயிர் கப்புல போட்டு வெச்சாரு. நட்டுக்கு நம்பர். லைப்ரரி புத்தி. நம்பரை எழுதிக்க ஒரு ஆளு வேணும்னு மேகலா பக்கத்துல குந்திக்கினா.

அப்புறம் செயின். மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டு ஒரு தட்டு தட்டுனா தானா வந்துடும். இவரு பல்லு விளக்கற பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு கண்ணியா தேய்க்கறாரு. செயின்ல நூறு கண்ணிக்கு மேல இருக்குது. இவரு தேய்க்க, மேகலா எண்ண. ரெண்டும் பேசிக்கினே எண்ணுனா எண்ணிக்கை நிக்குமா? நிக்கல. எண்பதுல தப்புச்சு. திருப்பி ஒண்ணுலேருந்து. நான் ஜன்னல் வழியா பாத்துக்கினே இருந்தேன். எனக்கு ரத்தம் கொதிச்சுது. சாயங்காலம் வரைக்கும் ஒரு செயின்.

ரெண்டாவது ஞாயிறு டயரு. சக்கரம் இருபது இஞ்சு. அந்த இருபது இஞ்சுலயே ரெண்டு தினுசு இருக்குதாம், இவரு வேற தினுசை வாங்கிக்கினு வந்துட்டாரு. மாட்டிப் பாத்தாரு, ஏறல. "தப்பா வாங்கிட்டேன் மாமா. அடுத்த வாரம்தான் மாத்திக்கினு வர முடியும்"னாரு. சிரிச்சுக்கினே சொல்றாரு. தப்புப் பண்ணவன் எங்கயாவது சிரிப்பானா? எங்கிட்ட வேலை செஞ்ச ஒருத்தன் அப்படிச் சிரிச்சிருந்தா அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பியிருப்பேன். உள்ள பாத்தா மேகலாவும் சிரிக்கறா. எம் பொண்டாட்டி செண்பகம் அடுப்படியில நின்னுக்கினு அவளும் சிரிக்கறா. ஊட்டுல எல்லாருக்கும் புத்தி பிசகிப் போச்சுன்னுதான் நெனச்சேன்.

மூணாவது ஞாயிறு வந்து, போன வாரம் மாட்டுன பெடலைக் கழட்டறாரு. ஏன் மாப்பிள்ளைன்னேன். சத்தம் வருதாம். நான் கையால சுத்திப் பாத்தேன், காது வெச்சுப் பாத்தேன், ஒரு சத்தமும் இல்ல. மிஷின் சத்தத்துலயே முப்பத்தேழு வருஷம் நின்னவன் நான், எனக்குக் கேக்காத சத்தம். மேகலாவைக் கேட்டா, "கேக்குதேப்பா, நல்லாக் கேக்குதே"ன்றா. சரின்னு அன்னிக்குப் பூரா பெடலைக் கழட்டி மாட்டுனாங்க, கழட்டி மாட்டுனாங்க.

எதிர் ஊட்டுல குப்புராஜுன்னு ஒருத்தர், என்கூட வேலை செஞ்சவரு. அன்னிக்கு சாயங்காலம் கடைத்தெருவுல நிறுத்தி, "இன்னா ஏகாம்பரம், மூணு வாரமா ஒரு சைக்கிள் முடியலயா? ஃபோர்மேன் மாப்பிள்ளைக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியாதா"ன்னு நாலு பேர் எதிர்ல கேக்கறாரு. வேணும்னுதான் கேட்டாரு. எனக்குத் தலை குனிஞ்சு போச்சு. அந்த ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

முடிவு பண்ணேன். இனி இந்தக் கூத்து வேணாம்.

ஆவடி வந்துடுச்சா? நீ எங்க எறங்கணும்? சென்ட்ரலா, சரி, அப்ப நேரம் இருக்குது. கேளு.

நாலாவது ஞாயித்துக்கு மொத நாள் சனிக்கெழமை. காலையில தயிர் கப்பு, துண்டுச் சீட்டு எல்லாத்தையும் ஒரு பையில கொட்டி, சைக்கிளை ஆட்டோவுல போட்டுக்கினு எஸ்டேட்டுக்கு ஓட்டிட்டேன். என் பழைய சிநேகிதன் பட்டறை அங்க இருக்குது. சட்டையக் கழட்டிட்டு குந்துனேன். ஒரே நாள்ம்மா. சக்கரத்துக்குள்ள இருக்கற பால்ஸ் குண்டு மாத்தி, கிரீஸ் வெச்சு, ரிம்முல கோட்டம் எடுத்து, புது பிரேக் கட்டை போட்டு, சரியான டயரு ஏத்தி, உருப்படியா ஒரு சீட்டு மாட்டி எல்லாம் முடிச்சுட்டேன். மாப்பிள்ளை ஏழு கியரு மாட்டணும்னு ஒரு பல் சக்கரம் வாங்கி வெச்சிருந்தாரு. அதைத் தூக்கி ஓரமா போட்டேன். குரோம்பேட்டையில இன்னா மலையா ஏறப் போறாரு? ஸ்டாண்டு இல்லாம இருந்துது, வெச்சேன். மட்கார்டு இல்ல, வெச்சேன். பின்னாடி கேரியர் இல்ல. பால்காரங்க வெக்கற கேரியரு, தோ பாரு, கம்பி எவ்ளோ தடி, அதை வெச்சேன். மூட்டை வெக்கலாம், ஆளு குந்தலாம்.

கடைசியா இந்தக் கீல். கையால புடிச்சு ஆட்டிப் பாத்தேன். லேசா ஆட்டம் குடுத்துது, ஒரு நூல் அளவு. நான் யோசிச்சேன். இந்த சைக்கிள்ல எம் பொண்ணு ஏறுவா. இந்த மனுஷன் பூட்டை ஒழுங்காப் பூட்டுனாரோ இல்லியோ, நம்பர் போட்டுக்கினு இருந்துட்டு மறந்துட்டாருன்னா? ஜி.எஸ்.டி. ரோட்டுல பின்னாடி லாரி வர்றப்ப நடுவுல கழண்டுக்கினா? எந்த மடையன் சைக்கிளுக்கு நடு முதுகுல கீல் வெப்பான்? மேலயும் கீழயும் கால் இஞ்சு பட்டை குடுத்து, நாலு பக்கமும் வெல்டிங் வெச்சுட்டேன். இதோ, தடவிப் பாரு. பயப்படாம தடவும்மா. ஒரு மேடு பள்ளம் இருக்குதா? கடைசியில பெயிண்ட்டு. சாயங்காலம் ஊட்டுக்கு மிதிச்சுக்கினே வந்தேன். பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல. ஒரு இடத்துல கிறீச்சுன்னு சத்தம் வரல.

மறுநாள் மாப்பிள்ளை வந்தாரு. கையில ஒரு புது பிரஷ்ஷு. போர்டிகோவுல சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி வெச்சிருந்தேன். வேலை முடிஞ்சுதுங்க மாப்பிள்ளைன்னேன். அவரு சுத்திச் சுத்தி வந்தாரு. கீல் கிட்ட குனிஞ்சு லாக்கைத் தேடுனாரு. லாக் இல்ல, அறுத்து எடுத்துட்டேன். விரலால வெல்டிங்கைத் தடவிக்கினே இருந்தாரு, ரொம்ப நேரம். அப்புறம் நிமிந்து, "வெல்டிங் ரொம்ப நல்லா இருக்குது மாமா"ன்னாரு.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் சந்தோஷப்பட்டேன்ம்மா. பொய் சொல்லல. புஸ்தகத்துக்கு நம்பர் போடறவருக்கு இதாவது தெரியுதேன்னு நெனச்சேன். சாப்பாடு போட்டோம். மேகலா பரிமாறல, உள்ளயே இருந்தா. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தவர்கிட்ட, "அப்ப வேலை முடிஞ்சு போச்சு, இனி ஆடி கழிஞ்சு வந்து பொண்ணைக் கூப்பிட்டுக்கினு போங்க"ன்னு சொன்னேன். முறையாத்தான் சொன்னேன். "சரிங்க மாமா"ன்னாரு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. எதிர்த்துப் பேசற ஆளா இருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கும்.

அவரு சைக்கிளைத் தள்ளிக்கினு கேட்டுகிட்ட போறாரு. உள்ளேருந்து மேகலா வர்றா, கையில பையி. அஞ்சே நிமிஷத்துல துணியெல்லாம் அடைச்சிருக்கா. எங்கம்மா போறன்னேன். "எங்க ஊட்டுக்கு"ன்னா. ஆடிம்மான்னேன். "வாரத்துக்கு ஒரு நாளாவது பாத்துக்கினு இருந்தோம். அதையும் வெல்டிங் வெச்சு அடைச்சுட்டியே"ன்னா. அவ குரல் ஏறல. கண்ணுதான் ரெண்டும் ரொம்பிப் போச்சு. நான் அடைச்சேனா? நான் சைக்கிளைத்தானே ரெடி பண்ணேன்?

ஏறிக் குந்திக்கினா, பின்னாடி. நான் வெச்ச கேரியர்லயேம்மா. நான் வெச்ச கேரியர்ல குந்திக்கினு எம் பொண்ணு என் ஊட்டை விட்டுப் போறா. தெருவே பாக்குது, குப்புராஜ் பாக்கறாரு. நம்ம சூரியன் மிதிக்கறாரு, மூச்சு வாங்குது, ஹேண்டில்பாரு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகுது. ஆனா சைக்கிள் அசையலம்மா. ரெண்டு பேரு கனம், ஒரு பையி, குண்டும் குழியுமா ரோடு. ஒரு ஆட்டம் இல்ல. அதையும் நான் நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்.

ரயில்ல ஏத்த முடியல போல. ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுல என் பேரைச் சொல்லி நிறுத்திட்டுப் போயிட்டாங்க. ஸ்டாண்டுக்காரன் போன் பண்ணான். நான் போய்த் தள்ளிக்கினு வந்தேன். அன்னியிலேருந்து போர்டிகோவுல அப்படியே நிக்குது. நான் ஏறல. காத்து மட்டும் அடிச்சு வெப்பேன்.

செண்பகம்தான் ரெண்டு நாள் கழிச்சு வாயத் தெறந்தா. "இன்னாங்க, அவரு சைக்கிளைப் பாக்கவா வந்தாரு? பொண்டாட்டியைப் பாக்க வந்தாருங்க. வேணும்னே இழுத்துக்கினு இருந்தாரு. ஊருக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலயா"ன்னா. இப்ப சொல்றியே, அப்ப சொல்றதுக்கு இன்னான்னேன். "சொன்னா வர வேணாம்னுருப்பீங்க"ன்றா.

எனக்கு வந்துதே ஆத்திரம். மாப்பிள்ளை மேல இருந்த கொஞ்ச நஞ்ச மதிப்பும் போச்சு. நீயே சொல்லு, ஆம்பளையா லட்சணமா பொண்டாட்டியைப் பாக்கணும்னா பாக்கணும்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு சைக்கிள்? பல்லு விளக்கற பிரஷ்ஷை வெச்சுக்கினு ஒரு மாசமா நாடகம். நான் அதை வேலைன்னு நம்பி ஜன்னல்ல நின்னு பல்லைக் கடிச்சுக்கினு இருந்திருக்கேன். செண்பகத்தைக் கேட்டேன், நம்ம கல்யாணமான மொத ஆடியில நான் ஒரு நாள் உங்கப்பன் ஊட்டுப் பக்கம் எட்டிப் பாத்தேனா, முப்பத்தோரு நாள் முறையா இருந்தேனேன்னு. அவ "ஆமாங்க, நீங்க வரல"ன்னுட்டு பாத்திரம் கழுவப் போயிட்டா.

ஆடி போச்சு. ஆவணி போச்சு. மேகலா அவங்கம்மாவுக்குத்தான் போன் பண்ணுவா. நான் பக்கத்துலயே குந்தியிருப்பேன். "அப்பா எப்படி இருக்காரு"ன்னு கேக்கறது எனக்குக் காதுல விழும். "இருக்காரு"ன்னு இவ சொல்லுவா. அத்தோட வேற பேச்சு. ஒரு தபா நான் போனைக் கையில வாங்கிட்டேன். தலை தீபாவளிம்மா, மாப்பிள்ளையக் கூப்பிட நான் முறையா வரணும், என்னிக்கு வரட்டும்னு கேட்டேன். அவ சொல்றா, "அந்த சைக்கிள் பழையபடி மடங்கட்டும்ப்பா. அதுலயே நாங்க ரெண்டு பேரும் ரயில்ல வர்றோம். இல்லைன்னா இந்தத் தீபாவளி இங்கயே இருக்கட்டும்." வெச்சுட்டா.

தலை தீபாவளிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வராத ஊடுன்னா தெருவுல நான் எப்படி நடக்கறது? அது கூட விடு. தெரு கெடக்குது. செண்பகம் முறுக்கு மாவுக்கு அரிசி ஊற வெக்கறதா வேணாமான்னு என் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கறா. ஒரே பொண்ணு. ஊடு சத்தமே இல்லாமக் கெடக்குது. நான் டிவிய வெச்சு உட்டுட்டு அடுத்த ரூம்ல போய்க் குந்திக்கறேன்.

அதோ பாரு, பட்டரவாக்கம். அந்த செவப்புத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிதான் எங்க கம்பெனி இருந்துது. இப்ப கல்யாண மண்டபம். சரி, அது கெடக்கட்டும்.

இன்னா சொன்ன? பட்டறையிலயே மிஷின் வெச்சு அறுத்து, புதுக் கீல் போட்டுக்கினு வந்திருக்கலாமேவா? நீ கீரை விக்கறவதானே, உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆமா, அறுக்கலாம். கட்டிங் மிஷின் போட்டா அஞ்சு நிமிஷம். கீல் போட்டு முடிக்க அரை நாள். செண்பகமும் இதேதான் சொல்றா, இன்னிக்கே அறுத்துக் குடுத்துடுங்கன்னு.

ஆனா மிஷின்ல அறுத்தா ஃப்ரேம் சூடாயிடும்மா. சூடானா குழாய் கெட்டுடும். என் வெல்டிங்கை என் கையாலதான் அறுக்கணும். இதோ பையில, பாத்தியா, ஆக்ஸா பிளேடு. இரும்பு அறுக்கற சின்ன ரம்பம். கையால இழுத்து இழுத்து அறுக்கணும். கால் இஞ்சுப் பட்டை, நாலு பக்கம். ஒரு ஞாயித்துக்கு ஒரு பக்கம்தான் அறுக்க முடியும். நான் கணக்குப் போட்டுட்டேன். இன்னியோட சேத்து தீபாவளிக்கு நாலு ஞாயிறு இருக்குது. நாலாவது ஞாயிறு சாயங்காலம் கீல் மாட்டி மடக்கிக் காட்டிடுவேன்.

ஆமா, அவங்க ஊட்டுலதான் வெச்சுப் பண்ணணும். என் ஊட்டுல வெச்சு எப்படிப் பண்றது? சீட்டு ஒசரம் பாக்கணும், ஹேண்டில்பாரு அவரு கைக்கு எட்டுதா பாக்கணும். மேல் மாடின்னா இன்னா, மொட்டை மாடி இருக்குமில்ல, பேப்பர் விரிச்சுக்கினு குந்த எவ்ளோ எடம் வேணும். மேகலா ஒரு பக்கம் சைக்கிளைப் புடிச்சுக்கினாத்தான் அறுக்க வரும். ஆடாம புடிக்க ஒரு ஆளு வேணும், அதுக்குச் சொல்றேன். செயினையும் ஒரு தபா பாத்துடலாம். நான் அவசரத்துல பண்ணது, கண்ணிக்குள்ள அழுக்கு இருந்தாலும் இருக்கும். மாப்பிள்ளை உட்டுட்டுப் போன புது பிரஷ்ஷையும் எடுத்துக்கினு வந்திருக்கேன்.

ஏன் சிரிக்கற?

நான் தமாஷா சொல்லிக்கினு வர்றேன்? வேலை தெரிஞ்சவன் சொல்றேன், நாலு வாரம் ஆகும்னா ஆகும். அவசரப்பட்டு ஒரே நாள்ல முடிச்சுத்தான் ஒரு தபா இப்படி ஆச்சு.

இன்னா? ரயில் சத்தத்துல காதுல விழல. இன்னொரு தபா சொல்லு.

பொண்ணைப் பாக்கணும்னா பாக்கணும்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு சைக்கிளா?

ம்.

கூடைய இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கம்மா. சைக்கிள் மேல படுது.

நீ சொல்லிடுவ. தெருத் தெருவா கத்திக் கத்திக் கீரை விக்கறவ, உனக்கு வாய் வரும். எனக்குச் சொல்லு. நான் போய்க் கதவைத் தட்டறேன்னு வெச்சுக்க. மேகலா தெறப்பா. "இன்னாப்பா வந்த"ன்னு கேப்பா. அவ அப்படித்தான், சின்னதுலேருந்தே மூஞ்சிக்கு நேரா கேட்டுடுவா. நான் இன்னா சொல்றது? உன்னைப் பாக்கணும் போல இருந்துதும்மான்னா? அறுபத்திரெண்டு வயசாவுது. நான் யாருகிட்டயும் அந்த மாதிரி சொன்னது கெடையாது. செண்பகத்துகிட்டயே சொன்னது கெடையாது. நெஞ்சுல வருது, வாய்கிட்ட வந்து நின்னுடுது. சைக்கிள்னு வெச்சுக்க, சைக்கிள் வேலையா வந்தேன்னு சொல்லிடலாம். உள்ள வான்னுடுவா. தண்ணி குடுப்பா.

பேசின் பிரிட்ஜ் போயிடுச்சு பாரு. எழுந்திரு, கூடைய எடு. சென்ட்ரல்ல எறங்கி, குரோம்பேட்டை வண்டி புடிக்க பார்க் ஸ்டேஷனுக்குப் படி ஏறி எறங்கித் தூக்கிக்கினு போவணும், மடங்குனா இந்தக் கஷ்டம் இல்ல. எறங்கறப்ப பின் சக்கரத்தை மட்டும் ஒரு கை புடிச்சு உடு. ஆங், அப்படித்தான், கேரியரைப் புடி, அது ஒண்ணும் ஆகாது.

அடுத்த ஞாயித்துக்கெழமையும் நீ இதே வண்டிதானே?